தவா பிந்தி வந்த பாட்டு

"இது என் மகன் இல்ல."

பாக்கியம் பெரியம்மா இப்படிச் சொன்னதும் ரிஸ்வான் அவசரமாக ஸ்பீக்கரை நிறுத்தினான். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அந்தச் சின்னக் காம்பராவில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான்காவது ஆள் சுவரில், படமாக. பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்ப், கொஞ்சம் கோணலாக வைத்த சந்தனப் பொட்டு.

வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கையில் சீனி பிசுபிசுத்தது. பெரியம்மா வீட்டில் வெறுந்தேத்தண்ணிக்குச் சீனி கலக்க மாட்டார். கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டி, நக்கிக்கொண்டே குடி என்பார். நான் நக்கவும் முடியாமல், துடைக்கவும் முடியாமல் கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, தவாட வொய்ஸ்தான். நாங்க வேற யாரையும் போடல்ல," என்றான் ரிஸ்வான்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது தம்பி. குரல் அவன் குரல்தான். ஆள் அவன் இல்ல."

இந்தத் தொடரை முன்பே படித்தவர்களுக்குத் தவாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. தவராஜா எங்கள் குழுவின் பாடகன், கிட்டாரும் அவன்தான். பதுளை ரிஸ்வான் டிரம்ஸ். நான், மேனகா, பேஸ் கிட்டார். குழுவின் பெயர் 'அரைப்பேர்'. தவா செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இதுவரை போட்ட பாட்டுகளில் ஆட்கள் அதிகம் கேட்டவற்றைப் பொறுக்கி, ஒரே தொகுப்பாகக் கொண்டுவர நினைத்தோம். 'முழுப்பேர்' என்று பெயரும் வைத்தாயிற்று. அதில் 'பெரட்டு' என்ற பாட்டு சேருமா, சேராதா என்பதைப் பெரியம்மாவிடம் விட்டிருந்தோம். பெற்றவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தோம்.

அந்த வாக்கோடுதான் அன்று பண்டாரவளையிலிருந்து பஸ் பிடித்து, பூனாகலைப் பக்கம் இறங்கி, தேயிலை நடுவே ஏறி வந்திருந்தோம். போட்டுக் காட்டிய உடனே இந்தப் பதில் வரும் என்று இருவரும் நினைக்கவில்லை.

பேர் கிடைப்பது

டவுனில் இருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி நின்று வேலைக்குப் பிரிகிற இடம் பெரட்டுக் களம். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். முழு நாள் வேலை செய்தால் முழுப்பேர். பிந்திப் போனாலோ, பாதியில் திரும்பினாலோ அரைப்பேர். நாங்கள் நாள் கூலியைப் பேர் என்றுதான் சொல்வோம். "இன்னைக்குப் பேர் கெடச்சிச்சா?" என்பது எங்கள் லயத்தில் அந்தி நேரத்துக் கேள்வி.

ரிஸ்வான் இதை முதல் தடவை கேட்டபோது, "என்னது, ஒங்கட தோட்டத்துல டெய்லி பேர் வெக்கிறாங்களா?" என்றான். அவன் வாப்பாவுக்குப் பதுளையில் துணிக்கடை. அவனுக்குப் பேர் ஒரு தடவைதான் வைத்தார்கள்.

பாடசாலை முடித்த பிறகு சில வருடங்கள் தவா தோட்டத்தில் பேர் போட்டான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினான், மருந்தடித்தான். அம்மாவும் மகனும் ஒரே பெரட்டு. பெரியம்மா விடியும்போதே கூடையோடு களத்தில் நிற்பார். தவா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பான். கணக்கப்பிள்ளை "தவராஜா!" என்பார். பதில் இருக்காது. இரண்டாம் தடவை கூப்பிடுவார். பெண்கள் வரிசையிலிருந்து பெரியம்மா குரல் கொடுப்பார்.

"வந்துகிட்டிருக்கான்ங்க!"

அந்தக் குரல் மேல் லயம் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் தவா சட்டையைத் தேடுவான்.

"தெனமும்தான் வந்துகிட்டிருக்கான்," என்பார் கணக்கப்பிள்ளை. "வந்து சேர்ந்த நாளு ஒண்ணச் சொல்லு பாக்கியம்." களமே சிரிக்கும். தவா ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். பெரும்பாலும் அரைப்பேர்தான்.

எங்கள் குழுவுக்குப் பெயர் தேடியபோது நான் எரிச்சலில், "ஒனக்குக் கெடச்சதையே வையேன், அரைப்பேர்னு," என்றேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

துணி மூட்டைகளுக்கு நடுவில்

நாங்கள் என்ன வகைப் பாட்டு வாசித்தோம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரொக்கா, பைலாவா, குத்தா என்று. எங்களுக்கும் சரியாகத் தெரியாது. ரிஸ்வான் அடிப்பது ஆட வைக்கிற அடி. தவாவின் கிட்டார் இனிமையாக இருக்காது, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். பாட்டின் சொல்லெல்லாம் ஒழுகுகிற கூரை, வராத பஸ், வெளிநாடு போன அக்கா. காலிடம் மட்டும் கேட்டால் கல்யாண வீடு, காதிடம் மட்டும் கேட்டால் சாவு வீடு. இரண்டும் ஒரே ஆளிடம்தானே இருக்கிறது என்பான் தவா.

நான் பேஸ் எடுத்த கதையும் அவன் பொய்யில் தொடங்கியதுதான். ஆறு கம்பியைவிட நாலு கம்பி சுலபம் என்றான். விரல் தோல் உரிந்த பிறகுதான் கம்பியின் தடிப்பு தெரிந்தது. ஒரு பொம்பளைப் பிள்ளை இரண்டு பையன்களோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கும் தவாவுக்கும் என்ன உறவு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அவன் பாட்டு, நான் அதுக்குப் பந்தக்கால்," என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். உண்மையும் அதுதான்.

'பெரட்டு' பாட்டைப் பதிவு செய்தது ரிஸ்வானின் வாப்பாவுடைய துணிக் கிடங்கில். சுற்றிலும் சாரம் மூட்டை, படுக்கை விரிப்பு மூட்டை. வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே வராது. புதுத்துணி வாசம் மூக்கை அடைக்கும். எனக்கு இன்றைக்கும் துணிக்கடைக்குள் போனால் விரல் தன்னால் மடங்கும்.

பாட்டு இப்படிப் போகும். முதலில் என் பேஸ் மட்டும். பிறகு ரிஸ்வான் பேர் கூப்பிடுவான். நானும் தவாவும் தோட்டத்துப் பிள்ளைகள், கணக்கப்பிள்ளை மாதிரிக் கூப்பிட வாய் வரவில்லை. ரிஸ்வானுக்கு அந்தப் பயம் இல்லை. அவன் வாப்பா கடைப் பையன்களைக் கூப்பிடுகிற குரலை எடுத்துப் போட்டான்.

"மேனகா!"

"இருக்கேங்க."

"ரிஸ்வான்!"

அதற்கும் அவனே, "இருக்கேங்க."

"தவராஜா!"

தவாவைக் காணோம்.

அவன் கிடங்குக்கு வெளியே, ரோட்டோரத் தள்ளுவண்டியில் உளுந்து வடை தின்றுகொண்டிருந்தான். பதிவு ஓடுவதே அவனுக்குத் தெரியாது. நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கியிருக்கலாம். எனக்குக் கோபம். நிறுத்த மாட்டேன் என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வான் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி கதவையே பார்த்தான். கடைசியில் தவா மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, வாய் நிறைய வடையோடு மைக்கில் விழுந்தான்.

"வந்துட்டேங்க!"

ரிஸ்வான் சிரிப்பை அடக்க முடியாமல் டிரம்ஸில் போட்டான் ஒரு போடு. தவா எண்ணெய்க் கையோடு கிட்டாரைப் பிடித்தான். அதுதான் பாட்டு. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சுத்தமாகப் பதிவு செய்து பார்த்தோம். ஒன்றும் அதன் பக்கத்தில் வரவில்லை. கடைசியில் வடையோடு இருந்ததையே வெளியிட்டோம்.

பஸ்ஸில் கிடைத்த பெயர்

எங்கள் பாட்டு ஓடியதா, இல்லையா என்பதை நாங்கள் பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டோம். பதுளை, பண்டாரவளை ரோட்டில் ஒரு தனியார் பஸ்ஸில் 'பெரட்டு' போட்டார்கள். "தவராஜா!" என்று கேட்டதும் கண்டக்டர் டிக்கட் கிழிக்கிற கையை அப்படியே நிறுத்தி, சிலை மாதிரி நின்றார். "வந்துட்டேங்க" என்றதும் மறுபடி கிழித்தார். பின் சீட்டில் இருந்த எனக்கு நான்தான் அந்த பேஸ் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார், நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டோடு இருந்தேன்.

சுற்றுலாக்காரர் வருகிற எல்ல என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் மாதத்துக்கு ஓரிரு தடவை வாசிப்போம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூரை ஒழுகுகிற பாட்டுக்கு உருகி உருகி ஆடுவார்கள். இது காதல் பாட்டா என்று கேட்டால் ரிஸ்வான் கூசாமல் ஆமாம் என்பான். கோயில் திருவிழாக்களில் கதை வேறு. ஒரு தோட்டத்துத் தலைவர் மேடைக்கு ஏறி வந்து தவாவின் காதில், "ஒங்க பாட்டெல்லாம் இருக்கட்டும் தம்பி, நல்ல பாட்டு ஒண்ணு பாடுங்க," என்றார். மைக் திறந்திருந்ததால் ஊருக்கே கேட்டது.

ஆனால் 'பெரட்டு' எங்கே வாசித்தாலும் வேலை செய்தது. தவா அந்த இடைவெளியை ஒவ்வொரு மேடையிலும் நீட்டிக்கொண்டே போனான். பேர் கூப்பிட்டதும் காணாமல் போவான். சில சமயம் மேடைக்குப் பின்னால் நிற்பான், சில சமயம் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுவான். அவன் பதில் சொல்லும்வரை ஒருவரும் அசையக் கூடாது என்பது ஆட்களாகவே உண்டாக்கிக்கொண்ட சட்டம். அவன் வந்ததும் களமே குதிக்கும். பேர் கூப்பிட்டால் பயந்து நின்ற சனம், பேர் கூப்பிட்டால் ஆடியது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோசமாக இருக்கும். அந்தச் சந்தோசத்தை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

காய்ச்சல்

மழைக்காலத்தில் தவாவுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல். வழக்கம்போல அவன் ஆஸ்பத்திரிக்கும் பிந்தித்தான் போனான். டாக்டர்மார் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள்.

கடைசியாக என்ன சொன்னான் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாடகன் ஆயிற்றே, ஏதாவது சொல்லியிருப்பான் என்று நினைக்கிறார்கள் போல. என்னிடம் சோடா கேட்டான். நர்ஸ் குடுக்கக் கூடாது என்றார். நாளைக்கு வாங்கிட்டு வாறேன் என்றேன். அவ்வளவுதான். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை.

அவனைத் தோட்டத்து மேட்டில் அடக்கம் செய்தோம். தூறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அழவில்லை. குழியில் மண் போடும்போது மட்டும், "சட்டை பொத்தான் போட்டீங்களாடா?" என்று பையன்களைக் கேட்டார். நான்தான் அழுதேன். ரிஸ்வான் குடையை எனக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றான்.

பிறகு பல மாதம் நான் பேஸைத் தொடவில்லை. ரிஸ்வான் கடையில் துணி அளந்தான். வாடிக்கையாளர் முன்னால் மேசையில் விரலால் தட்டுவான், வாப்பா முறைப்பார், நிறுத்துவான். அவன்தான் ஒரு நாள் போன் எடுத்து, "எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் போடுவமா? சும்மா கெடந்து அழிஞ்சி போயிரும் மேனகா," என்றான். தொகுப்புக்கு 'முழுப்பேர்' என்ற பெயரும் அவன் சொன்னதுதான். இருந்தபோது தவாவுக்குக் கிடைக்காததை இப்போதாவது கொடுப்போம் என்றான்.

பீலிக்கரை விளையாட்டு

முதல் தடவை நாங்கள் போய்க் கேட்டபோது பெரியம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். மற்றப் பாட்டெல்லாம் போடுங்கள், 'பெரட்டு' மட்டும் வேண்டாம் என்றார்.

"கருமாதி முடிச்சு நல்லபடியா அனுப்பி வெச்சாச்சு. போனவனப் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது புள்ள. அவன் பாட்டுக்குத் திரும்பிப் பாத்துகிட்டே நிப்பான்."

'பெரட்டு' இல்லாத எங்கள் தொகுப்பு உப்பில்லாக் கஞ்சி என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தோம். பெரியம்மா அவன் செத்ததிலிருந்து அவன் பெயரையே சொன்னதில்லை. 'அவன்', 'மூத்தவன்', 'இருந்தவன்' என்றுதான் சொல்வார்.

சில கிழமைகள் கழித்து அவரே போன் எடுத்தார். அவர் எனக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல் கதையைத் தொடங்கினார்.

லயத்துப் பிள்ளைகள் பீலிக்கரையில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஒரு பிள்ளை "தவராஜா!" என்று கத்துமாம். மற்றவை எல்லாம் வாளியும் கையுமாக அப்படியே அசையாமல் நிற்குமாம். யார் முதலில் அசைகிறதோ அது அவுட்டு. கடைசியில் ஒன்று "வந்துட்டேங்க!" என்றால் எல்லாம் குதிக்குமாம். தவாவின் முகமே ஞாபகமில்லாத குஞ்சு குருமான்கூட விளையாடுகிறதாம்.

"மொத நாளு கேட்டப்போ வெளக்கமாத்த எடுத்துகிட்டு ஓடுனேன் புள்ள, அடிக்க. வாசல்ல நின்னு பாத்தேன். எல்லாம் மூச்சப் புடிச்சுகிட்டு அவனுக்காக நிக்குதுங்க. நான் ஒருத்திதான் கூப்புடாம இருக்கேன். ஊரே கூப்புடுது."

"அப்ப போடலாமா பெரியம்மா?"

"மொதல்ல எனக்குப் போட்டுக் காட்டு. பெறகு சொல்றேன்."

திருத்தித் தராதீங்க

அப்படிப் போட்டுக் காட்டியதைத்தான் அவர் தன் மகன் இல்லை என்றார்.

எனக்கு விசயம் அப்போதுதான் உறைத்தது. கொழும்பில் எங்களுக்கு மிக்ஸிங் செய்த தம்பி நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். பழைய பதிவுகளின் இரைச்சலையெல்லாம் எடுத்து, பிசிறில்லாமல் கொடுத்திருந்தான். 'பெரட்டு' பாட்டில் அந்த நீண்ட இடைவெளியைத் தவறு என்று நினைத்துச் சுருக்கிவிட்டான். வடையோடு வந்த பதில் தெளிவில்லை என்று, நாங்கள் பிறகு பதிந்ததில் இருந்து ஒரு சுத்தமான "வந்துட்டேங்க"வை எடுத்து ஒட்டியிருந்தான். கேட்க அழகாகத்தான் இருந்தது. நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

"எந்த எடம் சரியில்ல பெரியம்மா?" என்று கேட்டேன்.

"கூப்புட்ட ஒடனே வர்றானே," என்றார். "என் வயித்துல பொறந்தவன் ஒரு நாளாவது கூப்புட்ட ஒடனே வந்திருக்கானா? நீ கண்டிருக்கியா?"

"இல்ல."

"வாயிலயும் ஒண்ணும் இல்லாமப் பேசுறான். அவன் வாயி என்னைக்குச் சும்மா இருந்திச்சு?"

ரிஸ்வான் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தான். "அம்மா, அவ்வளவு நேரம் ஒண்டுமில்லாம ஈந்தா, கேக்குற ஆக்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருவாங்க எண்டு அந்தத் தம்பி சொல்றாரு."

"போறவங்க போகட்டும். நிக்கிறவங்க நிப்பாங்க." பெரியம்மா எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றார். கோணல் பொட்டை நேராக்கப் போகிறார் என்று நினைத்தேன். தொடவில்லை. "உசுரோட இருக்கும்போதே நான் அவனத் திருத்தல தம்பி. அரைப்பேர் வாங்கிட்டு வந்து நின்னாலும் சோத்தப் போட்டுட்டுத்தான் ஏசுவேன். செத்தவன நீங்க என்னாத்துக்குத் திருத்துறீங்க? எனக்கு அவன் பிந்தித்தான் வரணும்."

என் உள்ளங்கைச் சீனி முழுவதும் கரைந்து மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது. நான் அழுதேன். ரிஸ்வானும் அழுதான், ஆனால் தூசி என்றான். அந்தக் காம்பராவைப் பெரியம்மா நாளுக்கு இரண்டு தடவை கூட்டுகிறவர்.

ரிஸ்வான் போனில் பழைய பதிவைத் தேடி எடுத்தான். இரைச்சலோடு போட்டான். "தவராஜா!" என்றது ஸ்பீக்கர். பிறகு என் பேஸ், கோபமாக, சுற்றிச் சுற்றி. பெரியம்மா வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பினார். யாரோ ஓடி வருகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி. "வந்துட்டேங்க" என்று வடையோடு குரல் வந்ததும், "ஆ," என்றார். "இதான். இதப் போடு."

பதுளையில் ஒரு பிற்பகல்

'முழுப்பேர்' வெளியீட்டைப் பதுளையில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். பாட்டெல்லாம் இணையத்தில் போய்விட்டது. ஆனாலும் கையில் பிடித்துப் பார்க்க ஒன்று வேண்டும் என்று கொஞ்சம் சீடியும், பஸ்காரர்களுக்குப் பென் டிரைவும் செய்திருந்தோம். பிற்பகல் நேரம், நல்ல மழை. தோட்டத்துச் சனம் இரண்டு பஸ்ஸில் வந்திறங்கியது. பீலிக்கரைப் பிள்ளைகள் எல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்து, காலில் சப்பாத்தோடு வந்திருந்தன. முன் வரிசையில் பெரியம்மா, பக்கத்தில் ரிஸ்வானின் வாப்பா. இருவரும் ஒருவரோடொருவர் பேசத் தெரியாமல் மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கிட்டாருக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு நண்பரைக் கேட்டிருந்தோம். தவாவின் பாட்டுகளை நான் பாடினேன். என் குரல் அவ்வளவுதான், ஆனாலும் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

'பெரட்டு' மேடையில் வேண்டாம் என்று நானும் ரிஸ்வானும் முன்பே முடிவெடுத்திருந்தோம். சீடியில் அவன் இருக்கிறான், அவன் பதில் இருக்கிறது. மேடையில் யார் சொல்வது? அவன் குரலை மெசினில் போட்டு, இருக்கிற மாதிரிக் காட்ட எனக்கு மனமில்லை. நான் சொல்வதும் சரியில்லை. அதனால் கடைசிப் பாட்டு முடிந்ததும் கும்பிட்டுவிட்டு இறங்கப் போனோம்.

சனம் விடவில்லை. முதலில் பிள்ளைகள் தொடங்கின. "பெரட்டு! பெரட்டு!" பிறகு பஸ்காரர்கள், பிறகு மண்டபம் முழுவதும். ரிஸ்வான் என்னைப் பார்த்தான். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். வேண்டாம் என்று கை காட்டவில்லை.

நான் பேஸைத் தொடங்கினேன்.

"நம்மட பேரோட நிப்பாட்டிருவம்," என்று ரிஸ்வான் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான். சரி என்றேன்.

"மேனகா!"

"இருக்கேங்க."

"ரிஸ்வான்!"

"இருக்கேங்க."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ மேடையில் கூப்பிட்டுப் பழகிய வாய். அடுத்த தாளத்துக்கு அது தானாகத் திறந்தது.

"தவராஜா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. குச்சியைத் தூக்கியபடி அப்படியே இருந்தான். மண்டபம் முழுவதும் அசையாமல் நின்றது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளை ஒற்றைக் காலில் நின்றது. அதுதானே சட்டம், பதில் வரும்வரை அசையக் கூடாது.

நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். தவா வழக்கமாக வருகிற நேரம் வந்தது, போனது. கிடங்கில் வடை தின்ற நேரத்தையும் தாண்டிற்று. ஒருவரும் குதிக்கவில்லை, ஒருவரும் உட்காரவில்லை. கூரையில் மழை கேட்டது. யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் விரல் மரத்துப்போயிற்று.

முன் வரிசையில் பாக்கியம் பெரியம்மா எழுந்தார்.

கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையில் நின்று, மேல் லயம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கொடுப்பாரே, அதே குரல்.

"வந்துகிட்டிருக்கான்ங்க!"

பெரியம்மா உட்காரவில்லை. மேடையை, ரிஸ்வானை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பேர் உண்டா, இல்லையா என்று கூப்பிட்டவர் சொல்லும்வரை நிற்பதுதான் பெரட்டு வழக்கம்.

ரிஸ்வான் மைக்குக்குக் குனிந்தான். வாப்பாவின் குரல் வரவில்லை. அவனுடைய சொந்தக் குரல்தான் வந்தது, அதுவும் உடைந்து.

"சரிம்மா," என்றான். "முழுப்பேர்."

பிறகு குச்சியை இறக்கினான். மண்டபம் குதித்தது.